ஒரே விரிகுடா, இரண்டு கரைகள்: கார்மெல் குளிர்நீரில் ஸ்நார்க்கெலிங் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

மத்திய கலிஃபோர்னியாவின் கார்மெல் ஊரிலிருந்து நெடுஞ்சாலை 1 வழியாகத் தெற்கே சில நிமிடங்கள் சென்றால், வலப்புறத்தில் வெளிர்மணல் பிறை ஒன்று சாலையை ஒட்டியே தெரியும். எதிர்ப்புறக் குன்றில் கார்மலைட் கன்னியர் மடம் இருப்பதால் இதற்கு மொனாஸ்டரி பீச் என்ற பெயர் நிலைத்துவிட்டது. அரசுப் பெயரில் இது கார்மெல் ரிவர் மாநிலக் கடற்கரையின் தென்பகுதி. சாலையோரம் வண்டியை நிறுத்தினால் சில அடிகளில் மணலுக்கு வந்துவிடலாம். நீர் நீலப்பச்சையாக இருக்கும். கெல்ப் எனப்படும் மாபெரும் கடற்பாசியின் இலைகள் கரைக்கு அருகிலேயே மிதக்கும். வெயில் நாளில் இந்தக் காட்சியைப் பார்ப்பவருக்கு, முகமூடியை மாட்டிக்கொண்டு இறங்கினால் என்ன என்று தோன்றுவது இயல்பே.

இதே விரிகுடாவில், ஒரு மைல் தொலைவுக்குள், பாயின்ட் லோபோஸ் மாநில இயற்கைக் காப்பகத்தின் வாயில் இருக்கிறது. அதற்குள் வேலர்ஸ் கோவ் என்ற சிறு குடா உண்டு. அங்கே நுழைவுக் கட்டணம் கட்ட வேண்டும், நீரில் இறங்க முன்பதிவு செய்ய வேண்டும், குறித்த இடத்தில் மட்டுமே இறங்க வேண்டும். இரண்டு இடங்களிலும் நீரின் வெப்பநிலை ஒன்றே, கெல்ப் ஒன்றே, மீன்களும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் முதல் கரையை உள்ளூர் நீர்மூழ்கிகள் பல பத்தாண்டுகளாக 'மார்ச்சுவரி பீச்' என்று அழைத்துவருகிறார்கள். பிணவறையின் பெயரை ஒரு கடற்கரைக்குச் சூட்டும் அளவுக்கு அங்கே உயிரிழப்புகள் நேர்ந்திருக்கின்றன. உயிரிழந்தவர்களில் நீந்தவே எண்ணாமல் நீரின் விளிம்பில் நின்றவர்களும் உண்டு.

குளிர்நீர்க் கரையில் ஸ்நார்க்கெலிங் (முகமூடியும் மூச்சுக் குழாயும் அணிந்து, நீர்ப்பரப்பில் மிதந்தபடி கீழே பார்ப்பது) செய்பவர் எடுக்கும் முடிவுகளுள் எது உயிரைக் காக்கிறது என்பதை இந்த இரண்டு கரைகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இந்த ஆய்வின் நோக்கம். சான் ஹோசே, ஃபிரீமான்ட், சன்னிவேல் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு மான்டரே, கார்மெல் இரண்டும் ஒருநாள் பயணத் தொலைவில் இருப்பதால், இது அவர்களுக்கு நேரடியாகவே பயன்படக்கூடும்.

கரையின் சரிவும் மணலின் பருமனும்

மொனாஸ்டரி கரையின் ஆபத்துக்கு முதற்காரணம் அதன் வடிவம். கார்மெல் கடலடிப் பள்ளத்தாக்கின் தலைப்பகுதி இந்தக் கரைக்கு மிக அருகில் வந்து முடிகிறது. இது 3,600 மீட்டருக்கும் மேல் ஆழம் செல்லும் மான்டரே கடலடிப் பள்ளத்தாக்கின் கிளை. பரந்த ஆழமற்ற மேடை எதையும் கடக்காமல் பசிபிக் அலை இங்கே நேராகக் கரையை அடைகிறது.

பொதுவாக ஓர் அலை, தன் உயரத்தைப் போல் ஏறத்தாழ ஒன்றேகால் மடங்கு ஆழமுள்ள நீருக்கு வரும்போது உடைகிறது. ஒன்றரை மீட்டர் உயர அலைக்கு அது இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவான ஆழம். 50 மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற கணக்கில் மெல்லச் சரியும் கரையில் அந்த ஆழம் கிட்டத்தட்ட 100 மீட்டர் தொலைவில் இருக்கும். அங்கே உடைந்த அலை நுரையாக உருண்டு வலுவிழந்து காலை நனைக்கும். 5 மீட்டருக்கு ஒரு மீட்டர் சரியும் கரையிலோ அதே அலை 10 மீட்டருக்குள் உடையும். அதாவது, கரையில் நிற்பவருக்கும் உடையும் அலைக்கும் இடையே இடைவெளியே இருக்காது. இவை கணக்கை விளக்கும் எண்களே தவிர மொனாஸ்டரியில் அளந்தவை அல்ல; ஆயினும் அந்தக் கரை இரண்டாம் வகையைச் சேர்ந்தது என்பதைக் கண்ணால் பார்த்தே அறியலாம்.

மணலும் இதில் பங்கு வகிக்கிறது. அங்குள்ள கிரானோடயோரைட் பாறை சிதைந்து உண்டான மணல் பொடியாக இல்லாமல் பரல் பரலாக இருக்கிறது. பருமணலில் நீர் உடனே இறங்கிவிடுவதால், திரும்பும் அலை மணலை அதிகம் இழுத்துச் செல்வதில்லை. எனவே கரை செங்குத்தாகவே குவிந்து நிற்கிறது. அந்தப் பரலில் கால் வைத்தால் கணுக்கால் வரை புதையும். அலை தட்டி விழுந்தவர் எழ முயலும்போது காலடி மணல் சரிந்து அவரையே கடலை நோக்கி நகர்த்துகிறது. மேலே ஏறிய நீர் செங்குத்துச் சரிவில் வேகமாகத் திரும்பி இழுக்கிறது. அதற்குள் அடுத்த அலை தலைக்கு மேல் உடைகிறது. நீச்சல் திறமைக்கு இதில் இடமே இல்லை, ஏனெனில் நீந்துவதற்கான ஆழமும் அங்கில்லை, நிற்பதற்கான தரையும் அங்கில்லை.

அனுபவமுள்ள நீர்மூழ்கிகள் மொனாஸ்டரியிலிருந்து வெளியேறும் முறை இதை உறுதிப்படுத்துகிறது. அவர்கள் அலைக் கூட்டங்களுக்கு இடையிலான அமைதிக்காக வெளியே காத்திருந்து, முகமூடியையும் மூச்சுக் குழாயையும் கழற்றாமல், மணல் தட்டியதும் எழுந்து நிற்காமல், கையும் முழங்காலுமாக ஊர்ந்து, அலை எட்டாத மேட்டுக்கு விரைந்து ஏறிவிடுகிறார்கள். பார்ப்பதற்குச் சற்றே வேடிக்கையாக இருக்கும் இந்த ஊர்தலை அவர்கள் பயிற்சியாகவே கற்றுக்கொள்கிறார்கள். ஓய்வு நாளில் வாடகை முகமூடியோடு வரும் ஒருவருக்கு இந்தப் பயிற்சி இருக்க வழியில்லை.

வேலர்ஸ் கோவின் வாய் வடக்கு நோக்கியது. மேற்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வரும் அலையைப் பாயின்ட் லோபோஸ் முனையின் பாறைகளே தடுத்துவிடுகின்றன. படகு இறக்கும் சாய்தளம் ஒன்று அங்கே இருப்பதால், பாறையிலோ பருமணலிலோ தடுமாறாமல் இடுப்பளவு நீருக்கு நடந்தே போகலாம். பெரிய வடமேற்கு அலை வரும் நாளில் அந்தக் குடாவுக்குள்ளும் நீர் புரளும். அது என்றும் அமைதியான குளம் என்று எண்ணிவிடக் கூடாது.

ஒரு சனிக்கிழமைக் கணக்கு

இந்த வேறுபாடு முடிவெடுப்பதில் எப்படிச் செயல்படுகிறது என்பதைக் காட்ட, அக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். வானம் தெளிவு, காற்று இல்லை. கடலில் மிதக்கும் அளவைமிதவை, மேற்கிலிருந்து 1.8 மீட்டர் உயரமும் 15 வினாடி இடைவெளியும் கொண்ட அலையைக் காட்டுகிறது. நால்வர் வருகிறார்கள், எல்லாருக்கும் நீச்சல் குளத்தில் நீந்தத் தெரியும், இருவர் முன்பு ஹவாயில் ஸ்நார்க்கெலிங் செய்திருக்கிறார்கள்.

பெரும்பாலோர் பார்ப்பது உயரத்தை மட்டுமே. 1.8 மீட்டர், ஆள் உயரம்தானே என்று விட்டுவிடுவார்கள். ஆனால் அலை சுமந்து வரும் ஆற்றல், உயரத்தின் இருமடிக்கும் இடைவெளிக்கும் ஏற்பக் கூடுகிறது. அதே 1.8 மீட்டர் அலை ஏழரை வினாடி இடைவெளியில் வந்தால் எவ்வளவு ஆற்றலோ, 15 வினாடியில் அதைப் போல் இருமடங்கு. உயரம் இரட்டித்தாலோ நான்கு மடங்கு. மேலும், 15 வினாடி அலையின் நீளம் ஆழ்கடலில் சுமார் 350 மீட்டர். தொலைவில் எங்கோ வீசிய புயலில் பிறந்த அலை அது. கார்மெலில் காற்றே இல்லாத, கண்ணாடி போன்ற காலையில்கூட அது வரும். அழகான நாள் என்பதும் பாதுகாப்பான நாள் என்பதும் இந்தக் கரையில் வெவ்வேறு செய்திகள்.

இத்தகைய நீளலைகள் கூட்டம் கூட்டமாக வருகின்றன. இரண்டு கூட்டங்களுக்கு இடையே பல நிமிடங்கள் கடல் ஏறத்தாழத் தட்டையாகக் கிடக்கலாம். வண்டியிலிருந்து இறங்கி ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு 'கடல் அமைதி' என்று முடிவு செய்பவர் பார்த்தது அந்த இடைவெளியை மட்டுமே. மேட்டில் நின்று குறைந்தது 20 நிமிடமாவது, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, மிகப் பெரிய அலை மணலில் எதுவரை ஏறுகிறது என்று கவனிக்க வேண்டும். ஈர மணல் எங்கே முடிகிறதோ அதற்கு மேலேதான் பைகளும் குழந்தைகளும் இருக்க வேண்டும். கடலுக்கு முதுகு காட்டி நின்று படம் எடுத்துக்கொள்ளும் பழக்கத்தை அங்கே விட்டுவிடுவது நல்லது. மெரினாவின் செங்குத்தான கரையலையில் காலை நனைக்கப் போய் இழுக்கப்பட்டவர்களைப் பற்றிய செய்திகளைப் படித்து வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் நீர் இங்கே சுமார் 13 பாகை செல்சியஸ் என்பது சேர்ந்துகொள்கிறது.

நம் கற்பனை நால்வருக்கு அன்று மொனாஸ்டரியில் விடை ஒன்றே: இறங்கக் கூடாது. உள்ளதைச் சொன்னால், அந்தக் கரை புதியவர்களின் ஸ்நார்க்கெலிங்குக்கு எந்த நாளிலும் உரியதல்ல என்பதே என் கருத்து. வேலர்ஸ் கோவில், மேற்கு அலையை முனை தடுப்பதால், தக்க உடையோடு இறங்க வாய்ப்பு உண்டு. ஆனால் நடைமுறைச் சிக்கல் இங்கேதான் தலைகாட்டுகிறது. முன்பதிவு செய்யாமல் வந்தவர்கள் காப்பக வாயிலில் திருப்பி அனுப்பப்படலாம்; வார இறுதியில் உள்ளே வண்டி நிறுத்தும் இடமும் விரைவில் நிறைந்துவிடும். திரும்பும் வழியில், ஒரு மைலுக்குள், தடையே இல்லாத அழகான மணற்பரப்பு கிடக்கிறது. முன்னேற்பாடு குறைந்தவரையே மிக ஆபத்தான கரைக்குக் கொண்டுபோய் விடுகிறது இந்த அமைப்பு. எச்சரிக்கைப் பலகைகள் அங்கே உண்டு. இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டி வந்தவரின் மனத்தைப் பலகை மாற்றுவது அரிது. எனவே மாற்றுத் திட்டத்தை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு வர வேண்டும். மான்டரே நகரத்தில் கல் அலைதடுப்பின் மறைவில் இருக்கும் சான் கார்லோஸ் கடற்கரை அதற்கு ஏற்ற இடம். அந்தப் பகுதியின் நீர்மூழ்கிப் பயிற்சிகளில் பெரும்பகுதி அங்கே நடப்பதற்கு அந்த மறைவே காரணம்.

பதின்மூன்று பாகை

இந்தக் கடலின் நீர் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 10 முதல் 15 பாகை செல்சியஸ் வரை இருக்கிறது. வசந்தத்தில் வடமேற்குக் காற்று மேல்நீரைத் தள்ளிவிட, ஆழத்துக் குளிர்நீர் மேலே வருகிறது. அப்போது நீர் மிகக் குளிர்ந்தும், நுண்ணுயிர்ப் பெருக்கத்தால் பச்சையாகக் கலங்கியும் இருக்கும். செப்டம்பர் முதல் நவம்பர் வரையே ஓரளவு வெதுவெதுப்பும் தெளிவும் சேர்ந்து கிடைக்கும் காலம். கோடை விடுமுறையில் போனால் கடலும் கோடையாக இருக்கும் என்ற எதிர்பார்ப்பு இங்கே பொய்க்கும்.

குளிர்நீர் என்றதும் உடல் மெல்ல விறைப்பதையே பலரும் நினைக்கிறார்கள். ஆபத்து அதற்கு வெகு முன்னரே வந்துவிடுகிறது. பாதுகாப்பின்றிக் குளிர்நீரில் விழுந்தவர் முதலில் தன்னையறியாமல் ஒரு பெருமூச்சை இழுக்கிறார். பிறகு ஒன்று முதல் மூன்று நிமிடம் வரை மூச்சு கட்டுக்கடங்காமல் வாங்குகிறது, இதயத்துடிப்பும் இரத்த அழுத்தமும் எகிறுகின்றன. அந்தப் பெருமூச்சின்போது வாய் நீருக்குள் இருந்தால் அதுவே போதும். போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தின் மைக் டிப்டனும் பிற ஆய்வாளர்களும் காட்டியிருப்பதைப் போல, இந்தக் குளிர் அதிர்ச்சி 10 முதல் 15 பாகை நீரிலேயே உச்சத்தை எட்டிவிடுகிறது. உறைநிலை நீர் வேண்டியதில்லை; கார்மெல் நீரே போதுமானது.

கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோர்டன் கீஸ்பிரெக்ட் இதை 1–10–1 என்று எளிதாக நினைவில் வைக்கச் சொன்னார்: மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம், கைகால்கள் பயனுள்ள வகையில் இயங்கப் பத்து நிமிடம், நினைவு தப்புமுன் ஒரு மணி நேரம். பனிக்கட்டி அளவுக்குக் குளிர்ந்த நீரை மனத்தில் வைத்துச் சொன்ன கணக்கு அது. 13 பாகை நீரில் பின்னிரண்டு கால அளவுகளும் நீளும், ஆனால் வரிசை மாறுவதில்லை. முதல் நிமிடத்தில் நீந்த முயலாமல், முகத்தை மேலே வைத்து மிதந்து, மூச்சு தணியும் வரை காத்திருப்பதே செய்ய வேண்டியது.

மூழ்கும்போது முகத்தில் படும் குளிர்நீரும் அடக்கிய மூச்சும் இதயத்தை மெதுவாக்க முயல்கின்றன. உடலில் படும் குளிரோ அதை விரைவாக்க முயல்கிறது. இரண்டு கட்டளைகளும் ஒருசேர வரும்போது இதயத்தின் தாளம் பிறழக்கூடும். தெற்காசியரிடையே இதயநோய் ஒப்பீட்டளவில் இளம் வயதிலேயே வருவது மருத்துவ உலகம் நன்கறிந்த செய்தி. ஆகவே நாற்பதைக் கடந்தவர்கள், இரத்த அழுத்தமோ சர்க்கரை நோயோ உள்ளவர்கள், இந்த நீரில் முதன்முறை இறங்குமுன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது மிகையான எச்சரிக்கை ஆகாது.

உடை விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். அலைச்சறுக்குக்காரர்கள் அணியும் மெல்லிய வெட்சூட் (உடலோடு ஒட்டியிருக்கும் நியோப்பிரீன் ரப்பர் உடை), ஓயாமல் கைவீசி உடலைச் சூடாக வைத்திருப்பவர்களுக்கானது. ஸ்நார்க்கெலிங் செய்பவர் அசையாமல் மிதந்து பார்ப்பவர்; அவருக்கு 7 மில்லிமீட்டர் தடிமனுள்ள வெட்சூட், தலையுறை, கையுறை, காலுறை நான்கும் வேண்டும். தடித்த நியோப்பிரீனுக்கு நல்ல மிதவைத்தன்மை உண்டு என்பது கூடுதல் பாதுகாப்பு: அதை அணிந்தவர் களைத்துப் போனால் மல்லாந்து கிடக்கலாம், மூழ்கமாட்டார். மேற்பரப்பில் மட்டும் பார்ப்பவர் எடைப்பட்டை கட்டி அந்த மிதவையை இழப்பதில் பொருளில்லை. கழுத்துப்பகுதி இறுக்கமாக இருந்தால் மூச்சுத்திணறல் உணர்வு கூடும் என்பதால், வாடகைக்கு எடுக்கும்போதே அணிந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் முறை அரைமணி நேரம் போதும். கட்டைவிரலால் சுண்டுவிரல் நுனியைத் தொட முடியவில்லை என்றால் கை இயங்கும் திறனை இழந்துவருகிறது என்று பொருள். நடுக்கம் தொடங்கக் காத்திருக்காமல் அப்போதே திரும்ப வேண்டும். வெளியேறுவதற்கான வலிமை மிஞ்சியிருக்க வேண்டியது இந்தக் கரைகளில் மிக முக்கியம். கரையேறிய பிறகும் சிறிது நேரம் உடல் உட்புறம் குளிர்ந்துகொண்டே இருக்கும் என்பதால், உலர்ந்த உடையும் சூடான பானமும் வண்டியின் அடியில் புதைந்து கிடக்காமல் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

கெல்ப் காட்டில் நடந்துகொள்ளும் முறை

கெல்ப்பைப் பார்த்து அஞ்சுபவர்கள் பலர். காலைச் சுற்றி இழுத்துவிடும் என்ற எண்ணம். மாக்ரோசிஸ்டிஸ் என்ற இந்த மாபெரும் பாசி, ஏற்ற சூழலில் ஒரு நாளைக்கு அரை மீட்டருக்கும் மேல் வளரக்கூடியது. அடியில் வேர் போன்ற பிடிப்பால் பாறையைப் பற்றிக்கொண்டு, இலைக்காம்பிலுள்ள காற்றுப்பைகளால் மேலே மிதக்கிறது. அது யாரையும் பிடிப்பதில்லை. உதறுபவர்தாம் தம்மைச் சுற்றிக்கொள்கிறார்கள். மாட்டிக்கொண்டால் அசையாமல் நின்று, தண்டைக் கையால் விலக்கி, துடுப்புக்காலணியின் வாரில் சிக்கியதை எடுத்துவிட்டால் போதும். அடர்ந்த மேற்பரப்பைக் கடக்க நேர்ந்தால், வயிற்றின் மேல் மிதந்தபடி, இலைகளைக் கையால் கீழே அழுத்தி முன்னேறி, கால்களை உதைக்காமல் பின்னால் இழுத்துவர வேண்டும். கத்தியால் வெட்டுவது தேவையற்றது; காப்பகத்துக்குள் அது சட்டமீறலும்கூட.

மூச்சடக்கி மூழ்குபவர்கள் இரண்டு செய்திகளை மறக்கக் கூடாது. மூழ்குமுன் வேகவேகமாகப் பலமுறை மூச்சிழுப்பது உடலில் உயிர்வளியைப் பெரிதாகக் கூட்டாது. மூச்சுவிடத் தூண்டும் கரியமில வாயுவை வெளியேற்றிவிட்டு, எச்சரிக்கையே இல்லாமல் மயக்கத்தைத்தான் கொண்டுவரும். அடுத்தது, இருவர் ஒரே நேரத்தில் மூழ்கக் கூடாது. ஒருவர் கீழே இருக்கும்போது மற்றவர் மேலிருந்து பார்க்க வேண்டும், அவர் மேலே வந்து சீராக மூச்சுவிடும் வரை கண்ணை எடுக்கக் கூடாது. மேலே வரும்போது ஒரு கையைத் தலைக்கு மேல் நீட்டி இலைகளை விலக்கிக்கொண்டே வருவது இந்தக் காட்டின் வழக்கம்.

யாரேனும் அலையில் இழுத்துச் செல்லப்பட்டால், உடனே 911-ஐ அழைத்து, மிதக்கும் பொருள் எதையாவது எறிந்து, அவர் இருக்கும் இடத்தைக் கைநீட்டிக் காட்டிக்கொண்டே நிற்க வேண்டும். பின்னால் குதிப்பவர் பெரும்பாலும் இரண்டாவது பலியாகிறார். இழுக்கப்பட்டவர் வெட்சூட் அணிந்திருந்தால், அலை உடையும் கோட்டுக்கு வெளியே நீந்திப்போய் மிதந்து காத்திருப்பது, உடையும் அலைக்குள் கரையேற மறுபடி மறுபடி போராடுவதைவிடப் பாதுகாப்பானது.

நீர்நாயின் கணக்கு

இந்த நீரில் தென்பகுதிக் கடல் நீர்நாய் வாழ்கிறது. மென்மயிர் வணிகத்தில் அது கலிஃபோர்னியாவில் அழிந்தேவிட்டதாகக் கருதப்பட்டது. 1938-இல், கார்மெலுக்குத் தெற்கே பிக்ஸ்பி சிற்றாற்றின் அருகே சிறு கூட்டம் ஒன்று உயிரோடிருப்பது வெளியுலகுக்குத் தெரியவந்தது. இன்று கலிஃபோர்னியாவில் இருப்பவை ஏறத்தாழ 3,000. 1977 முதல் அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாகச் சட்டப் பாதுகாப்பில் உள்ளன.

அந்த விலங்கின் உடலமைப்பைத் தெரிந்துகொண்டால் விலகி நிற்பதன் காரணம் தானே விளங்கும். திமிங்கிலத்துக்கும் சீலுக்கும் தோலடியில் தடித்த கொழுப்பு உண்டு. நீர்நாய்க்கு அது இல்லை. அடர்ந்த மயிர்ப்போர்வையும் ஓயாத உணவும்தான் அதன் சூடு. ஒரு நாளைக்குத் தன் எடையில் ஏறத்தாழக் கால்பங்கு உண்கிறது. கெல்ப் இலையைச் சுற்றிக்கொண்டு மிதந்து ஓய்வெடுக்கும் நீர்நாயை ஒருவர் எழுப்பிவிட்டால், அது செலவிடும் ஆற்றலை வேட்டையாடித்தான் ஈடுகட்ட வேண்டும். குட்டியுள்ள தாய்க்கு இந்தக் கணக்கு இன்னும் நெருக்கடியானது. குறைந்தது 18 மீட்டர் தள்ளியிருக்குமாறு வனவிலங்குத் துறை சொல்கிறது. தலையைத் தூக்கி உங்களைப் பார்க்கத் தொடங்கிவிட்டால், தொலைவு என்னவாக இருந்தாலும் நீங்கள் ஏற்கெனவே நெருங்கிவிட்டீர்கள். தனியே மிதந்து கத்தும் குட்டி பெரும்பாலும் கைவிடப்பட்டதல்ல. தாய் கீழே இரை தேடிக்கொண்டிருக்கும். அதை 'மீட்க' முயல்பவரே தாயை விரட்டிவிடுகிறார்.

நெருக்கம் விலங்குக்கு என்ன செய்யும் என்பதற்கு 2023 கோடையில் சான்டா குரூஸில் சான்று கிடைத்தது. 841 என்ற எண்ணிட்ட பெண் நீர்நாய் அலைச்சறுக்குப் பலகைகளில் ஏறி அமர்ந்து கடித்தது. படங்கள் உலகெங்கும் பரவி எல்லாரும் சிரித்தார்கள். அதிகாரிகளோ அதைப் பிடித்துக் கடலிலிருந்து அகற்றப் பலமுறை முயன்றார்கள், அது சிக்கவில்லை. மனிதர்களை அஞ்சாமல் போன விலங்கு மனிதருக்கும் தனக்கும் ஆபத்தானது என்பதே அவர்கள் நிலை. அதன் தாயும் மனிதர்கள் உணவளித்துப் பழக்கியதால் கடலிலிருந்து அகற்றப்பட்ட விலங்கு என்பதை அறிந்தால் சிரிப்பு குறையும்.

துறைமுகச் சீல்கள் வசந்தத்தில் குட்டி போடுகின்றன. அப்போது பாயின்ட் லோபோஸில் சில குடாக்கள் மூடப்படுகின்றன. 1972-இன் கடல்வாழ் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டம், சீலைக் கரையிலிருந்து நீருக்குள் ஓடவைப்பதைக்கூடத் தொந்தரவாகக் கருதுகிறது. வெள்ளைச் சுறாக்களும் இந்தக் கடலில் உண்டு. 2022 ஜூனில் அருகிலுள்ள பசிபிக் குரோவில் நீந்திக்கொண்டிருந்தவர் கடிபட்டுப் பிழைத்தார். மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் புதியவர்கள் சுறாவைப் பற்றி ஐம்பது கேள்வியும் அலை இடைவெளியைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லாமலும் வருவதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

காப்பகம் எதைக் காத்தது

வேலர்ஸ் கோவின் முன்பதிவுத் தொல்லையைக் குறைசொல்பவர்கள் அதன் வரலாற்றைப் பார்க்க வேண்டும். 1850களில் சீன மீனவர்கள் இங்கே குடியிருந்தார்கள். பிறகு போர்த்துகீசியர்கள் திமிங்கில வேட்டைத் தளம் அமைத்தார்கள். அதன்பின் ஜப்பானியர்கள் அபலோனி என்ற கடல் நத்தையை எடுத்து டின்களில் அடைத்தார்கள். எடுப்பதற்கென்றே இருந்த குடா அது. 1933-இல் மாநிலம் நிலத்தைக் கையகப்படுத்தியது. 1960-இல் அதையொட்டிய நீர்ப்பரப்பும் காப்பகமாயிற்று. அமெரிக்காவின் மிகப் பழைய கடலடிக் காப்பகங்களுள் அது ஒன்று. இன்று அங்கே மீனோ சிப்பியோ வெற்றுக் கிளிஞ்சலோ எதையும் எடுக்க முடியாது.

2013 முதல் ஒரு நோய் நட்சத்திர மீன்களைக் கரைத்துக் கொன்றது. கெல்ப்பை மேயும், முட்பந்து போன்ற கடல் முள்ளெலிகளைத் தின்னும் சூரியகாந்தி நட்சத்திர மீன் ஏறத்தாழ மறைந்தேபோனது. தொடர்ந்து 2014 முதல் 2016 வரை கடல் வெப்ப அலை கெல்ப்பை வாட்டியது. முள்ளெலிகள் பெருகி, வட கலிஃபோர்னியாவில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட கெல்ப் காடு அழிந்தது. நோய்க்குக் காரணம் விப்ரியோ பெக்டெனிசிடா என்ற பாக்டீரியா என்பது 2025-இல்தான் கண்டறியப்பட்டது. மான்டரேப் பகுதியில் காடு முழுதும் போகாமல் திட்டுத்திட்டாக நின்றது. அந்தத் திட்டுகளிலுள்ள கொழுத்த முள்ளெலிகளை நீர்நாய்கள் தின்று காத்தன என்பதை 2021-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. பட்டினி கிடந்த வெற்றுப்பாறை முள்ளெலிகளை அவை சீண்டவில்லை. ஆகவே முள்ளெலிகள் வெட்டவெளியாக்கிய இடங்களை நீர்நாய்கள் மீட்டுத் தரவில்லை, மிஞ்சியதை மட்டுமே நிலைநிறுத்தின.

எஞ்சிய இந்தத் திட்டுகளின் மேல்தான் ஸ்நார்க்கெலிங் செய்பவர் மிதக்கிறார். துடுப்புக்காலணியால் ஓர் உதை, பாறையில் ஊன்றிய ஒரு கால், கையில் எடுத்துப் பார்த்த ஒரு நட்சத்திர மீன் ஆகியவை தனித்தனியே சிறியவை. நாள்தோறும் இறங்கும் குழுக்களின் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்திருப்பது அவை சேர்ந்து பெரிதாகாமல் இருக்கத்தான். ஆழமற்ற நீரில் நிற்கத் தோன்றினால் மணல் உள்ள இடம் பார்த்து நிற்கலாம். பாறை இடுக்குகளில் அலை உந்தி இழுக்கும் என்பதால் அங்கே நுழையாமல் இருப்பது பாறையில் ஒட்டியுள்ள உயிர்களுக்கும் நுழைபவரின் தலைக்கும் ஒருங்கே நல்லது.

நீர்மூழ்கிகளிடையே ஒரு நடைமுறை உண்டு: குழுவில் எவரும், எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமலே அன்றைய இறக்கத்தை நிறுத்தலாம், மற்றவர்கள் ஏன் என்று கேட்கவோ கேலி செய்யவோ கூடாது. குடும்பமாக வருபவர்கள் இதை வண்டி கிளம்புமுன்னே பேசிக்கொள்ள வேண்டும், ஏனெனில் எல்லாரும் உடை மாற்றி நிற்கும்போது 'வேண்டாம்' என்று முதலில் சொல்ல இளையவர்களுக்கும் விருந்தினர்களுக்கும் வாய் வருவதில்லை. அப்படி நிறுத்திய நாளில், மான்டரே பே அக்வேரியத்தில் 8 மீட்டருக்கும் மேல் உயரமான கண்ணாடித் தொட்டியில் உயிருள்ள கெல்ப் காட்டைப் பார்க்கலாம். முதன்முறை இறங்கவிருப்பவர்கள் அதை முந்தைய நாளே பார்த்துவிட்டு வந்தால், மறுநாள் நீருக்கடியில் தண்டும் இலையும் எப்படி அசையும் என்பது முன்பே பழகியிருக்கும்.